மேடையில் ஒரு மணி நேரம், கைப்பேசியில் ஏழு நொடி: வாசகர் கேள்வி-பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, தென்னாப்பிரிக்காவின் வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு வயதினர் எழுதியவையாக இருந்தும், ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. அரசியல்வாதி ஒருவர் தடுமாறும் காட்சி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி மீம் ஆவது எப்படி, அதைப் பார்த்து நாம் சிரிப்பது சரிதானா என்பதே அந்த விஷயம். எனவே வழக்கமான இலக்கணக் கேள்விகளையும் கோயில் கேள்விகளையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அவற்றை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகி): "ஆயா, இதைப் பாருங்கள்" என்று என் பேரப்பிள்ளைகள் கைப்பேசியை நீட்டுகிறார்கள். அதிபர் ராமபோசா முகக்கவசம் போடத் தவித்த பழைய காட்சியை இன்றும் பார்த்துச் சிரிக்கிறார்கள். எத்தனையோ உரைகள் ஆற்றியவருடைய அந்தச் சில நொடிகள் மட்டும் எப்படி நிலைத்தன? 'மீம்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: சொல்லிலிருந்தே தொடங்குவோம். உடலின் பண்புகளை மரபணு தலைமுறைக்குத் தலைமுறை கடத்துவதைப் போல, ஒரு மெட்டையும் ஒரு சொலவடையையும் ஓர் உடைப் பாணியையும் மனிதர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்து கடத்துகிறார்கள் என்று 1976இல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் எழுதினார். அப்படிக் கடத்தப்படும் ஒவ்வொன்றுக்கும், 'போலச் செய்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைச் சுருக்கி, 'ஜீன்' என்பதோடு ஓசை ஒத்துவரும்படி 'மீம்' என்று பெயர் வைத்தார். நகைச்சுவை அவர் மனத்தில் இருக்கவில்லை என்றாலும், 'போலச் செய்தல்' என்ற அந்தப் பழைய பொருள் உங்கள் கேள்விக்கு நன்றாகவே விடை சொல்கிறது. ஒரு காணொளியைப் பல இலட்சம் பேர் பார்த்துவிட்டால் அது பிரபலமாகிறது, அவ்வளவுதான். பார்த்தவர்களில் சிலர் அதை எடுத்து, வெட்டி, ஒட்டி, நடித்து, வேறொரு வாசகம் சேர்த்துத் தாமும் ஒன்று செய்து அனுப்பத் தொடங்கும்போதுதான் அது மீம் ஆகிறது.

இப்போது முகக்கவசத்துக்கு வருவோம். 2020 ஏப்ரல் 23ஆம் தேதி இரவு, ஊரடங்கில் வீட்டோடு முடங்கியிருந்த நாடு முழுவதும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. மே 1 முதல் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளரும் என்றும், வெளியே போகிறவர்கள் துணிக் கவசம் அணிய வேண்டும் என்றும் அறிவித்த அதிபர், உரையின் முடிவில் தாமே ஒன்றை அணிந்து காட்ட முயன்றார். காதில் மாட்ட வேண்டிய நாடா மாட்டவில்லை. துணி மேலேறிக் கண்ணை மறைத்தது. சில மணி நேரத்துக்குள் சிறுவர்களும் நகைச்சுவை நடிகர்களும் கண்ணை மறைத்த கவசத்தோடு தங்களைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

இந்தக் காட்சி பரவியதற்கான காரணங்கள் அந்தக் காட்சிக்குள்ளேயே இருந்தன. போலச் செய்வதற்கு ஒரு துண்டுத் துணிக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அன்றைக்குப் பதினொரு ஆட்சிமொழிகள் கொண்டிருந்த இந்த நாட்டில் அதற்கு மொழிபெயர்ப்பும் தேவைப்படவில்லை. அணியச் சொன்னவருக்கே அணியத் தெரியவில்லை என்ற முரண், விளக்கம் இல்லாமலே புரிந்தது. எல்லாவற்றையும்விட, மறுநாள் காலையில் நாமும் கண்ணாடி முன் நின்று அதே தவிப்பைத்தான் தவித்தோம். அதனால் அந்தச் சிரிப்பில் பகை கலக்கவில்லை. அதிபரும் சேர்ந்து சிரித்து, கவசம் அணியக் கற்றுக்கொடுக்க ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கப் போவதாகச் சொன்னதும், அந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய அவருக்கே ஆதாயமாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தொலைக்காட்சிப் படம் நொடிக்கு 25 நிலைப்படங்கள் ஓடுவது. ஒரு மணி நேர உரையில் 90,000 படங்கள் சேர்ந்துவிடுகின்றன. அத்தனை படங்களில் கண் பாதி மூடியோ வாய் கோணியோ இல்லாத மனிதர் உலகில் எவரும் இல்லை. வெட்டி எடுக்க உட்கார்ந்தவர் தேடினால் கிடைக்காமல் போகாது.

அரசனை மேடையிலேயே கிண்டல் செய்யும் கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே 'சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்' என்று பெயர் மாறிப்போன நம் தெருக்கூத்தில், ராஜா வேடம் கட்டியவர் ஒரு மணி நேரம் ஒப்பனை செய்துகொண்டு வந்து நிற்பார். கட்டியங்காரன் அவர் நடையைப் போல ஒரே ஒரு நடை நடந்து காட்டுவான், கூட்டம் சிரிக்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் செய்வது அதிலிருந்து அதிகத் தூரம் விலகியதல்ல.

கேள்வி (டோங்காட் வாசகர்): முன்னாள் அதிபர் சூமா ஓர் எண்ணைப் படிக்கத் திணறிய காட்சியை எங்கள் குடும்பக் குழுவில் யாராவது ஒருவர் வருடம் தவறாமல் போடுகிறார்கள். பள்ளிக்கூடமே போகாத ஒருவரைப் பார்த்துச் சிரிப்பது தகுமா?

பதில்: பலர் கேட்கத் தயங்குவதைக் கேட்டிருக்கிறீர்கள். 2015 அக்டோபரில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் பொதுக்குழுவில், கட்சி உறுப்பினர் எண்ணிக்கையான 769,870 என்பதை வாசிக்கும்போது சூமா பலமுறை தடுக்கி விழுந்து, நடுவே நின்று, மறுபடி தொடங்கினார். அதே 2015இன் மே மாதத்தில், நாடாளுமன்றத்தில் தம் எதிரிகள் 'இன்காண்ட்லா' என்று ஓயாமல் உச்சரிப்பதை நீட்டி முழக்கிப் போலச் செய்து காட்டி, தோள் குலுங்கச் சிரித்தார். இரண்டுமே மீம் ஆயின. குழுக்களில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவதால் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுகிறோம். என் கணக்கில் அவை இரண்டும் ஒரு தராசில் நிற்பவை அல்ல.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இன்காண்ட்லாவில் உள்ள அவருடைய சொந்த வீட்டில் 'பாதுகாப்பு' என்ற பெயரில் செய்த வேலைகளுக்கான மொத்தச் செலவு 246 மில்லியன் ராண்டை எட்டும் என்று, அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலராக அப்போது இருந்த துலி மடோன்செலா 2014 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டிருந்தது. மாட்டுத் தொழுவமும் கோழிக்கூடும் நீச்சல் குளமும் அந்தக் கணக்கில் இருந்தன. அதே 2015 மே மாத இறுதியில், அது நீச்சல் குளமல்ல, தீயணைப்புக்கான குளம் என்று காவல்துறை அமைச்சர், வியர்வையைத் துடைத்துத் துடைத்து, குழாயில் நீர் பாய்ச்சும் காணொளியைப் போட்டு விளக்கினார். பாவம், அந்த வியர்வையும் தனியாக ஒரு மீம் ஆனது. 2016 மார்ச் 31 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, சூமா 7.8 மில்லியன் ராண்ட் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. ஆக, அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டவர்கள், தங்கள் வரிப்பணத்தைப் பற்றிய கேள்விக்கு அவர் தந்த பதில் சிரிப்புதான் என்பதைக் காட்டினார்கள். அங்கே காட்சியும் விஷயமும் ஒன்றுதான். வெட்டி எடுத்தவர் எதையும் திரிக்கத் தேவைப்படவில்லை.

எண் விவகாரம் வேறு வகை. சூமா முறையான பள்ளிக் கல்வி பெறாதவர். தாமே எழுத்துக் கூட்டிப் படித்து முன்னேறியவர். ராபன் தீவில் பத்து ஆண்டுகள் சிறையில் இருந்தவர். தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் ஆறு இலக்க எண்ணொன்றை மேடையில் நின்று வாசிப்பது அவருக்குக் கடினமாக இருந்தது என்பது அவருடைய ஆட்சியைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. அந்த எண் சொல்லிய செய்தியோ பெரியது. கட்சி மிகக் குறுகிய காலத்தில் இலட்சக்கணக்கான உறுப்பினர்களை இழந்திருந்தது. நாக்கு புரண்டதில் எல்லோரும் மயங்கிப்போனதால், கட்சி தேய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. இதைக் கட்சியின் எதிரிகள்கூட யோசித்துப் பார்க்கலாம்.

நம் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1860 நவம்பர் 16 அன்று இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் 342 பேர் டர்பன் கரைக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்களின் கொள்ளுப்பேரர்களான நம்மில் எத்தனை பேர், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் தேவாரம் பாடுகிறோம்? புரட்டாசி விரத நாள்களில் கோயில் மேடையில் ஒரு பெரியவர் தமிழ் வரி ஒன்றில் தடுக்கி நிற்கும்போது, அவர் வாயையே பார்த்துக்கொண்டு, எப்படியாவது சொல்லி முடித்துவிட வேண்டுமே என்று நாம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அந்தக் காட்சியை ஒருவர் வெட்டி ஊருக்கு அனுப்பினால் நமக்கு எப்படி இருக்கும் என்பதை உங்கள் குடும்பக் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (பீனிக்ஸ் வாசகர்): இந்தக் காட்சிகளையெல்லாம் வெளியே விடுவது யார்? எதிர்க்கட்சிகளா, பத்திரிகையாளர்களா?

பதில்: பெரும்பாலும் அரசியல்வாதிகளே. அரசின் நேரலை, நாடாளுமன்றத்தின் நேரலை, கட்சியின் சொந்த ஒளிபரப்பு ஆகிய மூன்றிலிருந்துதான் நாம் பார்த்துச் சிரிக்கும் துண்டுகளில் பாதிக்கு மேல் வெட்டப்படுகின்றன என்பது என் எண்ணம். காமிரா தங்கள் கையில் இருக்கிறது என்ற தைரியம்தான் அவர்களுக்குப் பொறியாகிறது.

2015 பிப்ரவரி 12 அன்று அப்போதைய அதிபர் சூமா நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை ஆற்ற வந்தபோது நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அவைக்குள் கைப்பேசிச் சமிக்ஞை முடக்கப்பட்டிருந்தது. செய்தியாளர்கள் கைப்பேசிகளைத் தூக்கிப் பிடித்து, சமிக்ஞையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கோஷமிட்டார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்களைக் காவலர்கள் இழுத்து வெளியேற்றிய நேரத்தில், அதிகாரபூர்வ ஒளிபரப்பு அவைத்தலைவர் முகத்தை விட்டு அசையவே இல்லை. அன்று இரவு நாடு பார்த்தது, மாடத்திலிருந்து கைப்பேசியில் எடுத்த ஆடும் படங்களைத்தான். அந்தச் சமிக்ஞை முடக்கமும், குழப்பம் நடக்கும்போது அதைக் காட்டக் கூடாது என்ற ஒளிபரப்பு விதியும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. மறைத்த ஒரே காரணத்தால் அந்தக் காட்சி இரட்டிப்பு மதிப்புப் பெற்றது.

அணைக்க மறந்த மைக் இன்னொரு வாசல். 2015 அக்டோபரில் கல்விக் கட்டண உயர்வை எதிர்த்து 'கட்டணம் வீழட்டும்' என்று மாணவர்கள் போராடியபோது, உயர்கல்வி அமைச்சர் பிளேட் இன்சிமாண்டே, தம் பக்கத்தில் இருந்தவர்களிடம், மாணவர்கள் இதை ஏற்காவிட்டால் 'மாணவர்கள் வீழட்டும்' என்று நாமே ஓர் இயக்கம் தொடங்கிவிடலாம் என்று சிரித்தபடி சொன்னது மைக்கில் பதிவாகிவிட்டது. வேடிக்கையாகச் சொன்னதுதான். கண்ணீர்ப்புகை சூழ்ந்த நாளில் அந்த வேடிக்கை எடுபடவில்லை.

எதிரணியே ஆள் வைத்துப் படம் எடுப்பதும் உண்டு. அமெரிக்காவில் அது பழைய வழக்கம். 2006 ஆகஸ்டில் வர்ஜீனியா மாநிலத்தில் ஜார்ஜ் ஆலன் என்ற செனட்டர், தம் கூட்டங்களைத் தொடர்ந்து வந்து படமெடுத்த எதிரணி இளைஞர் ஒருவரைக் கூட்டத்தின் முன் சுட்டிக்காட்டி, 'மகாக்கா' என்று ஒருவகைக் குரங்கின் பெயரால் அழைத்தார். அந்த இளைஞர் இந்திய வம்சாவளியினர். அவர் கையிலிருந்த காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. யூடியூப் பிறந்து ஓர் ஆண்டே ஆகியிருந்த நேரம் அது. நவம்பரில் ஆலன் பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். படமெடுப்பவனைப் பார்த்தே வசை சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி): கண்ணால் பார்த்ததையே நம்பக் கூடாது என்றால் வேறு எதைத்தான் நம்புவது? காணொளி பொய் சொல்லுமா?

பதில்: காணொளி பொய் சொல்வதற்கு யாரும் கணினியில் பொய்முகம் செய்ய வேண்டியதில்லை. ஒலிவாங்கி ஒன்றே போதும். 2004 ஜனவரி 19 இரவு, அமெரிக்க அதிபர் வேட்பாளர் ஆக முயன்ற ஹோவர்ட் டீன், அயோவா மாநிலத்தில் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட பிறகு, சோர்ந்துபோன தம் தொண்டர்களுக்கு உற்சாகம் ஊட்டப் பேசினார். பேச்சின் உச்சத்தில் அவர் எழுப்பிய ஒரு கூச்சல், அடுத்த நான்கு நாள்களில் அமெரிக்கத் தேசியத் தொலைக்காட்சிகளில் 633 முறை ஒளிபரப்பானது. யூடியூப் இன்னும் பிறக்காத காலம். நள்ளிரவில் ஒரு மனிதர் தனியாக நின்று வெறிபிடித்துக் கத்துவதைப் போலத்தான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. உண்மையில் அந்த மண்டபம் ஆயிரக்கணக்கானோரின் ஆரவாரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. அருகில் நின்றவர்களுக்கே அவர் குரல் சரியாகக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த மைக் சுற்றுப்புற இரைச்சலை வடிகட்டிவிட்டு வாய்க்கு நேரே வரும் ஒலியை மட்டும் வாங்கும் வகையைச் சேர்ந்தது. தொலைக்காட்சிக்குப் போனது அந்த ஒலி. யாரும் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. கூட்டம் மட்டும் காணாமல் போய்விட்டது. அந்தக் கூச்சலால்தான் அவர் தோற்றார் என்று பலரும் சொல்வார்கள். கூச்சலிடும் முன்பே மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டார் என்பதை மறந்துவிட்டுச் சொல்வார்கள்.

வேகத்தை மாற்றுவது அடுத்த வித்தை. 2019 மே மாதத்தில் அமெரிக்கச் சபாநாயகர் நான்சி பெலோசியின் பேச்சு ஒன்றை ஏறத்தாழ முக்கால் வேகத்துக்குக் குறைத்து, குரலின் சுருதியையும் திருத்தி ஒருவர் வெளியிட்டபோது, அவர் குடித்துவிட்டு உளறுகிறார் என்று பல இலட்சம் பேர் நம்பினார்கள். அதற்குத் தேவைப்பட்டது எந்தக் கைப்பேசியிலும் கிடைக்கும் ஒரு சாதாரணச் செயலி.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. அதில் காட்சியும் உண்மை, வேகமும் உண்மை, சிரிப்பும் நியாயமானது. ஆனாலும் ஏதோ ஒன்று தொலைந்துபோகிறது. 2017 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டில் வைகை அணை நீர் ஆவியாவதைத் தடுக்க, அமைச்சர் செல்லூர் ராஜூ முன்னின்று தெர்மாகோல் அட்டைகளை நாடாவால் ஒட்டி நீரில் மிதக்கவிட்டார். காற்று அடித்தது; அட்டைகள் உடைந்து கரை ஒதுங்கின. டர்பனில் இருக்கும் எனக்கே அந்தக் காட்சி ஒரே நாளில் ஐந்து பேரிடமிருந்து வந்தது. இன்றுவரை தமிழர் உள்ள இடமெல்லாம் 'தெர்மாகோல்' என்றால் அந்த அமைச்சரின் பெயர்தான்.

இனி இதையும் பாருங்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2015 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் தன் நீர்த்தேக்கம் ஒன்றின் மேல் 9 கோடியே 60 இலட்சம் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டது. வெயில் பட்டு நீரில் கேடான வேதிப்பொருள் உண்டாவதைத் தடுப்பது முதல் நோக்கம். ஆவியாதல் குறைவது கூடுதல் ஆதாயம். உலகம் அதை வியந்து பகிர்ந்தது. நீரின் மேல் எதையாவது மிதக்கவிட்டு மூடினால் ஆவியாதல் குறையும் என்பது பௌதிகம்தான், முட்டாள்தனம் அல்ல. வைகையில் தோற்றது செயல்முறை: இலேசான அட்டை, பலமான காற்று, பெரிய அணைக்குச் சிறிய பரப்பு, முன்சோதனை இல்லாமலே காமிராக்களைக் கூட்டிவந்து செய்த திறப்புவிழா. மீம் இவற்றைப் பிரித்துச் சொல்லாது. அதற்கு ஒரு படகு, ஓர் அட்டை, ஒரு முகம் போதும். நானும் அன்றைக்கு அதை இரண்டு பேருக்கு அனுப்பினேன் என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கேள்வி (வெருலம் வாசகர்): சம்பந்தப்பட்டவர் அந்தக் காணொளியை நீக்கச் சொல்ல முடியாதா?

பதில்: சொல்லலாம். சொன்ன செய்தியே அடுத்த காணொளியாகும். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

கேள்வி (மெரிபேங்க் வாசகி): என் பேரன் அமைச்சர்களைக் கேலி செய்து படம் செய்வான், நாங்களும் சிரிப்போம். சென்ற மாதம் தன் ஆசிரியர் ஒருவரின் முகத்தை ஒட்டி ஒன்று செய்திருக்கிறான். 'அரசியல்வாதியைச் செய்யலாம், ஆசிரியரைச் செய்யக் கூடாதா' என்று கேட்கிறான். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: உங்கள் பேரன் கேட்பது ஏறக்குறைய நம் அரசியலமைப்பு நீதிமன்றமே விசாரித்த கேள்வி. 2006இல் பிரிட்டோரியாவைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன், தகாத நிலையில் அமர்ந்திருந்த இரண்டு ஆண்களின் படத்தில் தன் பள்ளி முதல்வரின் முகத்தையும் துணை முதல்வரின் முகத்தையும் ஒட்டி நண்பனுக்கு அனுப்பினான். படம் கைப்பேசி வழியே பள்ளி முழுவதும் பரவியது. அச்சிட்ட படி ஒன்று அறிவிப்புப் பலகை வரை போயிற்று. துணை முதல்வர் வழக்குத் தொடுத்தார். விளையாட்டு என்று மாணவர்கள் சொன்னதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. கீழ் நீதிமன்றம் விதித்த 45,000 ராண்டை 25,000 ஆகக் குறைத்து, நிபந்தனையற்ற மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று 2011 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. செய்தவனுக்கு அப்போது வயது பதினைந்துதான். பேரனுக்கு இந்த வயதையும் இந்தத் தொகையையும் சொல்லுங்கள்; வழக்கின் பெயர் அவனுக்குத் தேவையில்லை.

அரசியல்வாதி விஷயத்தில் வேலி தூரத்தில் இருக்கிறது, இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு கருத்துச் சுதந்திரத்தைக் காக்கிறது. வன்முறையைத் தூண்டுவதையும் இனம், மதம், பால் அடிப்படையில் வெறுப்பை விதைத்துத் தீங்குக்குத் தூண்டுவதையும் அது காப்பதில்லை. 2005இல் ஒரு மது நிறுவனத்தின் வணிகச் சின்னத்தைக் கேலி செய்து சட்டையில் அச்சிட்ட சிறு வியாபாரியின் வழக்கில், சட்டத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டா என்ற கேள்வியோடு நீதிபதி ஆல்பி சாக்ஸ் தம் தனித் தீர்ப்பைத் தொடங்கினார். நீதிமன்றம் அந்த வியாபாரியின் பக்கம் நின்றது. வெடிகுண்டில் ஒரு கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்த நீதிபதி கேட்ட கேள்வி அது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பொதுப் பணத்தில் சம்பளம் வாங்கி, பொது மேடையில் நின்று, பொது விஷயத்தைப் பற்றிப் பேசியதைக் கேலி செய்வதற்கும், வகுப்பறையில் பாடம் நடத்துகிறவரின் முகத்தை வேறோர் உடலில் ஒட்டுவதற்கும் உள்ள தூரம் இதுதான். அமைச்சரே ஆனாலும், செய்யாததைச் செய்ததாக ஒட்டிக் காட்டினால் அது அவதூறு. நம் நாட்டுச் சட்டத்தில், சொன்னது உண்மை என்று காட்டுவதோடு அதைச் சொல்வதில் பொதுநலன் இருந்தது என்றும் காட்ட வேண்டும். மிரட்டல் செய்திகளையும் அந்தரங்கப் படங்களையும் அனுப்புவது 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள சைபர் குற்றச் சட்டத்தின்கீழ் தனிக் குற்றம். ஆசிரியரின் படத்தை இன்றே அழிக்கச் சொல்லுங்கள். அவன் யாருக்கெல்லாம் அனுப்பினானோ அவர்களிடமும் கேட்டு அழிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அவரிடம் நேரில் போய் நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி (லெனேசியா வாசகர்): ஊரடங்கில் அமைச்சர் இன்கோசசானா டிலாமினி-சூமா 'சோல்' பற்றிப் பேசியது பாட்டாகவே வந்தது. அந்தக் கேலியால் ஏதாவது பயன் விளைந்ததா?

பதில்: ஒருவர் சுருட்டிய பீடியின் தாளை எச்சில் தொட்டு ஒட்டி மற்றவர்களோடு பகிர்ந்து புகைத்தால் தொற்று பரவும் என்று விளக்க வந்த அமைச்சர், கையால் சுருட்டிய பீடியைக் குறிக்கும் தெருமொழிச் சொல்லான 'சோல்' என்பதை வினைச்சொல்லாக்கி, நிறுத்தி நிதானித்து, ஏறக்குறையப் பாடம் நடத்தும் தொனியில் சொன்னார். அந்தத் தொனியில் ஒரு தாளம் இருந்தது. கேப் டவுனைச் சேர்ந்த இசைக்கலைஞர் மேக்ஸ் ஹரெல் அதை வெட்டி ஆட்டப் பாட்டாக்கிவிட்டார். எழுபது வயதைக் கடந்த, மருத்துவம் படித்த, கண்டிப்பானவர் என்று பெயர்பெற்ற பெண்மணியின் வாயில் அந்தச் சொல் வந்ததுதான் வேடிக்கை. வேறொருவர் சொல்லியிருந்தால் பாட்டு பிறந்திருக்காது.

பயன் என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். எச்சில் பற்றிய அவருடைய வாதம் தன்னளவில் தவறானதல்ல. கேட்க வேண்டியிருந்த கேள்வி வேறு: கடையில் விற்கும் பெட்டிச் சிகரெட்டுக்கும் அந்த எச்சிலுக்கும் என்ன தொடர்பு? அந்தக் கேள்வியைப் புகையிலை நிறுவனங்கள் நீதிமன்றத்தில் கேட்டன, மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தோம். 2020 மார்ச் இறுதியில் தொடங்கிய சிகரெட் விற்பனைத் தடை ஆகஸ்டு நடுப்பகுதி வரை நீடித்தது. அந்தத் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று டிசம்பரில் கேப் டவுன் உயர் நீதிமன்றம் சொன்னபோது, தடையே போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. இடையில் கள்ளச் சந்தையில் சிகரெட் வாங்கியவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை லெனேசியாக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகர்): வாட்ஸ்அப்பில் வருவதை நம்பலாமா என்று எப்படிச் சோதிப்பது? எனக்குக் கணினி தெரியாது.

பதில்: கணினி தேவையில்லை. செய்தியின் மேல் இரண்டு அம்புக்குறிகள் இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று பொருள். அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பே தடுத்திருக்கிறது. பிறகு, துண்டு எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். வாக்கியத்தின் நடுவில் தொடங்கி நடுவில் முடிந்தால், முழு உரையை யூடியூபில் தேடச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். நாடாளுமன்றத்தில் பேசியதென்றால் நாடாளுமன்றத்தின் சொந்தப் பக்கத்திலேயே முழுதாகக் கிடைக்கும். முன்னும் பின்னும் ஒரு நிமிடம் பார்த்தாலே பெரும்பாலும் போதும். உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். 2024 மே தேர்தலுக்கு முன், டொனால்ட் டிரம்ப் முன்னாள் அதிபர் சூமாவின் எம்.கே. கட்சிக்கு வாக்குக் கேட்பதைப் போன்ற போலிக் காணொளி இங்கே சுற்றியது. அமெரிக்க அரசியல்வாதி குவாசுலு-நட்டால் வாக்காளரிடம் எதற்கு வந்து கேட்கிறார் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்கா செக் என்ற சரிபார்ப்பு அமைப்பு இருக்கிறது. சந்தேகமான செய்திகளை அவர்களுக்கு அனுப்பிக் கேட்கலாம்.

கேள்வி (பீனிக்ஸ், பள்ளி மாணவி): உங்களுக்குப் பிடித்த மீம் எது?

பதில்: கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன் அம்மா. 2019 மே 30. இந்தியப் பிரதமர் இரண்டாம் முறை பதவியேற்கும் நாள். டெல்லியில் காமிராக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அதற்கு ஓரிரு நாள் முன்னால், பொறியியல் படிப்பவர்களுக்கான முகநூல் பக்கம் ஒன்று, சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டிருந்தது. தமிழர் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இது விழுந்துதான் ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலை உடைந்தது என்றும் சேர்த்தார். 2001இல் வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற வேடம் அது. விவரம் தெரியாத ஒருவர், அவர் இப்போது நலமா என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான்: தலையில் கட்டோடு படுத்திருக்கும் நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று ஊரெல்லாம் எழுதத் தொடங்கி, பதவியேற்பு நாளில் ட்விட்டரில் உலக அளவில் அந்தப் பெயர் மேலே ஏறி நின்றது. அன்று எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் பதவியேற்பு விழா ஓடிக்கொண்டிருந்தது, அடுப்படியிலிருந்து என் மனைவி, "நேசமணிக்கு எப்படி இருக்கிறதாம்?" என்று கேட்டாள்.